எந்தப் புதுப்பட்டி?

பிரயாணம் புறப்படுகிறவர்களுக்கு ஒரு திட்டம் வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். எங்களிடமும் அப்பேர்ப்பட்ட திட்டம் ஒன்று இருந்தது. திருச்சிராப்பள்ளிக்கு 4 நாள், மதுரைக்கு 3 நாள், ராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இரண்டிரண்டு நாள், அப்புறம் மலையாள தேசம், கடைசியில் கொச்சியில் விமானம் ஏறி வீடு திரும்புவது என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தோம். 2023 டிசம்பர் 6-ஆம் தேதி திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். 2024 ஜனவரி 17-ஆம் தேதி அதே விமான நிலையத்தில் ஏறிப் பினாங்குக்குத் திரும்பினோம். மத்தியில் இருந்த 42 நாளில் மதுரையைக்கூட நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை.

'நாங்கள்' யார் என்று சொல்லிவிடுவது மரியாதை. பினாங்கில் உபாத்தியாயர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தம்பதிகள். இருவர் வயதையும் கூட்டினால் 114 ஆகும். இந்தக் கட்டுரையை ஒருவர் எழுத, மற்றவர் அடித்துத் திருத்தினார். எழுதியவர் யார், திருத்தியவர் யார் என்பதை வெளியிடுவதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெட்டி படுக்கை இல்லாமல், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தேசம் தேசமாகத் திரிகிறார்கள் அல்லவா? எங்கள் மகன் அப்படித் திரிந்தவன். அவன் உபயோகித்து ஒதுக்கிய இரண்டு பைகளைத்தான் நாங்கள் மாட்டிக்கொண்டு வந்தோம். தலைக்கு மேலே அரை முழம் உயர்ந்து நின்ற அந்தப் பைகளோடு நாங்கள் நடந்துபோனதைப் பார்த்துத் திருச்சி ஜனங்கள் சிரிக்கவில்லை. அது அவர்களுடைய பெருந்தன்மை.

வந்த காரியம் ஊர் பார்ப்பது மட்டும் அல்ல. எங்களில் ஒருவருடைய தாத்தா 1937-ஆம் வருஷம் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி மலாய் நாட்டுக்குப் போனார். எங்களில் ஒருவருடைய தாத்தா என்று சொன்னோம். ஆனால் 30 வருஷத்துக்கு மேல் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தாத்தாக்களும் பொதுச் சொத்துதான். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். கங்காணி ஒருவர் கிராமத்துக்கு வந்து, அக்கரைச் சீமையில் ரப்பர் மரத்தைக் கீறினால் வெள்ளிப் பணம் கொட்டும் என்று சொல்லி அழைத்துப் போனாராம். மறு வருஷமே, அதாவது 1938-இல், தோட்டத் துரைமார்கள் கூலியைக் குறைத்த காரணத்தால், இப்படிக் கூலிகளை ஏற்றி அனுப்புவதை இந்தியா சர்க்கார் நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் தாத்தா கப்பலேறியிருக்க மாட்டார். நாங்களும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

அவர் திரும்பி வரவே இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். உயிரோடு மீண்டவர்களில் அவர் ஒருவர். அந்தக் கலவரத்தில் கையில் இருந்த கடிதம், காகிதம் எல்லாம் போயின. அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும், 'அடுத்த வருஷம் ஊருக்குப் போவோம்' என்பார். 1973-இல் ரஜூலா கப்பலையே விற்றுவிட்டார்கள். 1981-இல் தாத்தாவும் காலமானார்.

அவருடைய மகளுக்கு இப்போது 80 வயது. எங்களில் ஒருவருக்குத் தாயார், மற்றவருக்கு மாமியார், இருவருக்கும் 'அம்மா'. நாங்கள் புறப்படும்போது அம்மா ஒரு சீட்டில் தம் கையால் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். முதல் வரியில் தாத்தாவின் பெயர். அடுத்து, 'திருச்சிராப்பள்ளி ஜில்லா, புதுப்பட்டி.' அடுத்து, 'வீட்டுக்கு எதிரே புளியமரம்.' கடைசி வரி, 'தம்பி ஒருவர், தங்கை ஒருத்தி.'

"இது போதுமா, அம்மா?" என்று கேட்டோம்.

"ஊர்ப் பேரே இருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார்.

நாலே நாளில் காரியத்தை முடித்துவிடலாம் என்று நாங்களும் நம்பினோம்.

*

முதல் இரண்டு இரவு சத்திரம் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியில் தங்கினோம். மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு வீட்டின் மாடியில் இடம் கிடைத்தது. வீட்டுக்கார மாமிக்கு எங்களை மிகவும் பிடித்துப் போயிற்று. ஆனால் அயல் நாட்டாரை வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவம் என்ற ஒன்றைச் சர்க்காருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மாமியின் பிள்ளை அதைக் கம்ப்யூட்டரில் பூர்த்தி செய்தார். 'எந்த நாட்டவர்?', 'இந்தியாவில் இருக்கும் விலாசம்?', 'எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார்?' என்று அது எங்களைக் கேட்டுக்கொண்டே போயிற்று.

மாமிக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "நன்னாத் தமிழ் பேசறேள். உங்களைப் போய் அன்னியர்ங்கறானே!" என்றார்.

நன்றாகத்தான் தமிழ் பேசினோம். ஆயினும் வாயைத் திறந்த மாத்திரத்தில் அகப்பட்டுக்கொண்டோம். காலையில் மாமியிடம், "பசியாறிட்டீங்களா?" என்று விசாரித்தோம். மாமி ஒரு நிமிஷம் திகைத்து நின்றார். பினாங்கில் காலை ஆகாரம் சாப்பிடுவதற்குப் பசியாறுவது என்று பெயர். மோட்டாரைக் 'காடி' என்றோம். கறிவேப்பிலைக்கு, "எத்தனை வெள்ளி?" என்று கேட்டோம். தாத்தா கொண்டுபோன தமிழோடு மலாய்ச் சரக்கையும் கலந்து, 86 வருஷம் ஊறவைத்துத் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறோம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர், 'ஊறுகாய்க்கு ருசி அதிகம்' என்று சமாதானம் கூறினார்.

இனிப் புதுப்பட்டி விஷயத்துக்கு வருவோம். நாலாவது நாளே எங்களுக்கு உண்மை விளங்கிவிட்டது. திருச்சி ஜில்லாவில் புதுப்பட்டி என்று ஓர் ஊர் இல்லை. பல ஊர்கள் இருக்கின்றன. இருக்கிற ஊரில் இடம் போதாமல் நாலு குடும்பம் தள்ளிப் போய்க் குடிசை போட்டால் அது புதுப்பட்டி. நூறு வருஷம் கழிந்த பிறகும் அது புதுப்பட்டிதான். தாத்தா சொன்ன ஜில்லாவோ இப்போது முழுசாக இல்லை. 1995-இல் கரூரும் பெரம்பலூரும் அதிலிருந்து பிரிந்து தனி ஜில்லாக்கள் ஆயின. அப்புறம் அரியலூரும் தனியாகப் போயிற்று. தபாலாபீஸில் ஒரு பெரியவர் எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, "தாலுகா இல்லையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் 1981-லேயே போய்விட்டார்.

அந்தப் பெரியவரே ஒரு யோசனையும் சொன்னார். "ஊர் ஊராக நீங்கள் ஏன் அலைகிறீர்கள்? ராத்திரி காந்தி மார்க்கெட்டில் போய் நில்லுங்கள். ஊர்களெல்லாம் தாமாகவே அங்கே வந்து சேரும்."

*

திருச்சி காந்தி மார்க்கெட்டைப் பகலில் பார்த்தவர்கள், அதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. 1868-இல் ஏற்பட்ட சந்தை அது. 1927-இல் விஸ்தரித்துக் காந்தியடிகளின் பெயரை வைத்தார்கள். வாசலுக்கு அருகே முதல் மகா யுத்தத்துக்குப் போன திருச்சிக்காரர்களின் ஞாபகச் சின்னம் நிற்கிறது. பகலில் அதைச் சுற்றி நிற்கும் ஆட்டோக்களில் கல்வெட்டு மறைந்துவிடும். இரவு இரண்டு மணிக்கு விளக்கடியில் நின்றால் நிம்மதியாகப் படிக்கலாம். படித்தோம். கடல் கடந்து போனவர்களின் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கூலிக்குப் போனவர்களுக்கு அப்படி ஒரு கல் உண்டா என்று கேட்கத் தோன்றியது. கேட்பதற்கு அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை.

இரவு பதினொரு மணிக்கு மேல் லாரிகள் வந்து சேரும். துறையூர்ப் பக்கத்திலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் சின்ன வெங்காயம், தொட்டியம், லால்குடி, குளித்தலைப் பக்கங்களிலிருந்து வாழைத்தார், மணப்பாறைக் கத்தரிக்காய், மலைக்காய் என்னும் கோசும் காரட்டும் எல்லாம் வரும். சுமை தூக்குகிறவர்கள் தலையில் சும்மாடு வைத்து, மூட்டையை ஏற்றிக்கொண்டு, "வழி, வழி!" என்று கூவியபடி ஓடுவார்கள். ஒதுங்கினால் பிழைத்தோம், ஒதுங்காவிட்டால் சேற்றில் உட்கார வேண்டியதுதான். எங்களில் ஒருவர் ஒரு முறை உட்கார்ந்தார். டிசம்பர் மாத மழைக்கு அந்தச் சந்தையில் உண்டாகும் சேற்றைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். வாழை இலை, கோசுத் தழை, அழுகிய தக்காளி, சாக்கடைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து கணுக்கால் ஆழம் இருக்கும். அந்தச் சேற்றில் நின்றுகொண்டுதான் லட்சக்கணக்கான ஜனங்களின் மறுநாள் சாம்பாருக்கு விலை பேசுகிறார்கள்.

பினாங்கில் எங்கள் வீட்டுக்குச் சமீபத்தில் சௌராஸ்தா மார்க்கெட் இருக்கிறது. சுத்தமான தரை, ஜாதிக்காய் ஊறுகாய்ப் புட்டிகளை வரிசையாக அடுக்கிய கடைகள். அதை எங்கள் ஊர்ப் பெருமைகளில் ஒன்றாக நாங்கள் கருதியிருந்தோம். காந்தி மார்க்கெட்டை ஒரு வாரம் பார்த்த பிறகு, சௌராஸ்தா ஏதோ ஆஸ்பத்திரி மாதிரி மனசில் தோன்றலாயிற்று.

தினம் மூன்றரை மணிக்கு ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ பிடிப்போம். காவேரிப் பாலத்தின் மேல் போகும்போது கீழே வெண்மணலும் நடுவே கொஞ்சம் தண்ணீருமாக ஆறு தெரியும். மண்டிகளில் மூட்டை இறக்கிவிட்டு விலைக்காகக் காத்திருக்கும் குடியானவர்களிடம் போய், "ஐயா, உங்கள் பக்கம் புதுப்பட்டி என்று ஓர் ஊர் உண்டா?" என்று கேட்போம். ஏறக்குறைய எல்லாருமே உண்டு என்றார்கள்! எங்கள் நோட்டுப் புத்தகத்தில் பதினொரு புதுப்பட்டிகள் சேர்ந்தன. அவற்றில் மூன்றுக்குப் பகலில் பஸ் ஏறிப் போய் வந்தோம். ஒன்றில் புளியமரம் இருந்தது, பழைய குடும்பம் எதுவும் இல்லை. ஒன்றில் பழைய குடும்பங்கள் இருந்தன. புளியமரத்தை ரோடு அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்களாம். மூன்றாவது ஊரில் எங்களைச் சர்வே எடுக்க வந்த அதிகாரிகள் என்று எண்ணி, குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி முறையிட்டார்கள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டோம். வேறு என்ன செய்வது?

சந்தையில் எங்களுக்கு ஒரு தலைமைக் காரியாலயமும் ஏற்பட்டது. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா விற்கும் ஓர் அம்மாள், உள்ளே நுழையும் இடத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். எங்கள் வயதுதான். முதல் நாள், "சிங்கப்பூரா?" என்று கேட்டார். சந்தையில் எல்லாருமே எங்களைச் சிங்கப்பூர் என்றுதான் நினைத்தார்கள். "இல்லை அக்கா, பினாங்கு" என்றோம். "எல்லாம் ஒண்ணுதான்" என்றுவிட்டார். சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்ட பிறகு எங்கள் வேலையில் பாதியைத் தாமே எடுத்துக்கொண்டார். கட்டு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும், "உங்க ஊருப் பக்கம் யாராச்சும் முன்னே கப்பலேறிப் போனாங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் சில்லறை கொடுப்பார். அவரும் முதலில் எங்களிடம் கட்டுக்கு ஐந்து ரூபாய் அதிகம் வாங்கியவர்தான். இரண்டாவது வாரம் தாமாகவே குறைத்துக்கொண்டார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்றார்கள். தூத்துக்குடியும் நெல்லையும் வெள்ளக்காடு ஆயின. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் ஜனங்களோடு நின்று போயிற்று. எங்கள் திட்டத்தில் இருந்த கன்னியாகுமரிப் பிரயாணத்தை மழையே ரத்து செய்துவிட்டது. அப்படித்தான் நண்பர்களிடம் சொன்னோம். உண்மையில், மழை பெய்யாவிட்டாலும் நாங்கள் போயிருக்க மாட்டோம். 23-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. அன்று ஒரு நாள்தான் ஸ்ரீரங்கத்தில் வந்து நிறைந்த கூட்டத்தைத் தாண்டிச் சந்தைக்கு வர முடியவில்லை. மறுநாள் கீரைக்கார அம்மாள், "நேத்து ஏன் வரலை? உடம்புக்கு என்ன?" என்று கோபமாகவே கேட்டார்.

*

வருஷ முடிவில் ஒரு நாள், வாழைக்காய் மண்டியில் எழுபத்தைந்து வயதுக் கிழவர் ஒருவரை அந்த அம்மாள் எங்களிடம் அழைத்து வந்து நிறுத்தினார். அவர் ஊர் தொட்டியம் பக்கத்துப் புதுப்பட்டி. அவருடைய பெரியப்பா, சண்டைக்கு முன்னே கங்காணியோடு போனவர், திரும்பவில்லை. வீட்டெதிரே புளியமரம் இன்றும் நிற்கிறது. பெரியப்பாவுக்குத் தம்பி ஒருவர், அதாவது இவருடைய தகப்பனார், தங்கை ஒருத்தி. எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெரியப்பாவின் பெயர் என்ன என்று கேட்டோம். அவர் சொன்ன பெயர் தாத்தாவின் பெயர் அல்ல.

கிழவர் அதை லட்சியம் செய்யவில்லை. "பேருல என்ன இருக்கு? கங்காணி என்ன எழுதினானோ அதானே பேரு?" என்றார். எங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. எங்கள் நிலைமையும் அதுதான்.

அதற்கு நாலு நாள் பொறுத்து, வெங்காய மூட்டையோடு வந்தார் இன்னொருவர். இவர் துறையூர்ப் பக்கம். இவருடைய பாட்டிக்கு அண்ணன் ஒருவர் மலாய் நாட்டுக்குப் போனார். பெயர் கேட்டோம். தாத்தாவின் பெயர், அட்சரம் பிசகாமல் அதே பெயர்! ஆனால் பாட்டிக்கு இரண்டு அண்ணன்மார், தம்பி கிடையாது. வீட்டெதிரே இருந்தது வேப்பமரம்.

"புளியமரம் இல்லையா?" என்று எங்களில் ஒருவர் கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"வேணும்னா தெருக்கோடியிலே ஒண்ணு இருந்துச்சுங்க" என்றார் அவர், எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கி.

அன்றிரவு ஸ்ரீரங்கத்து மாடியில் எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. உண்மையைச் சொன்னால் சண்டை என்றே சொல்ல வேண்டும். அம்மா தினம் சாயங்காலம் டெலிபோனில் ஒரே கேள்விதான் கேட்பார்: "கிடைத்ததா?" எண்பது வயதில் அவர் எத்தனை நாள் காத்திருப்பார்? எங்களில் ஒருவர், 'தொட்டியத்துப் புதுப்பட்டி என்று சொல்லிவிடுவோம். மரம் பொருந்துகிறது, தம்பி தங்கை பொருந்துகிறது. பெயர் ஒன்றுதானே? அம்மா சந்தோஷமாக இருக்கட்டும்' என்றார். மற்றவர், 'அப்படியானால் துறையூரார் என்ன பாவம் செய்தார்? தவிரவும், தப்பான ஊரை நம் ஊர் என்று சொல்லி அம்மாவை நம்ப வைத்தால், சரியான ஊரை யார் தேடுவார்கள்?' என்றார். 'சரியான ஊர் இனிமேல் கிடைக்கும் என்று உனக்கு நம்பிக்கை இருக்கிறதா?' என்று முதலாமவர் திருப்பிக் கேட்டார். அதற்குப் பதில் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம். மூன்று மணிக்கு இருவருமே விழித்துக்கொண்டிருந்தோம். ஆகையால் எழுந்து சந்தைக்குப் போனோம்.

சந்தையில் நின்றபடியே, எதையும் தீர்மானம் செய்யாமல், அம்மாவைக் கூப்பிட்டோம். இங்கே மணி நாலு, பினாங்கில் ஆறரை. அம்மா எழுந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இருவரைப் பற்றியும் சொன்னோம். பெயர் பொருந்தாதவரையும், மரம் பொருந்தாதவரையும் ஒன்றும் விடாமல் சொன்னோம். அம்மா சற்று நேரம் பேசவில்லை.

பிறகு, "அங்கே என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"மார்க்கெட்டம்மா. மூட்டை இறக்குகிறார்கள்."

"டெலிபோனைத் தூக்கிப் பிடி. நான் கேட்கிறேன்."

தூக்கிப் பிடித்தோம். வாழைத்தார் ஏலம், "வழி, வழி!" என்ற கூச்சல், லாரி ஹாரன், கீரைக்கார அம்மாள் யாருடனோ போட்ட சண்டை எல்லாம் கடலைத் தாண்டிப் போயின. கை வலித்தது. கை மாற்றிப் பிடித்தோம். பத்து நிமிஷம் கழித்து, போய்விட்டாரோ என்று காதில் வைத்துப் பார்த்தோம். அம்மா இருந்தார்.

"அப்பா கோபம் வந்தால் இப்படித்தான் பேசுவார், இதே இழுப்பு" என்றார். அப்புறம், "பொங்கல் வருகிறதே. அந்த இரண்டு பேருக்கும் வேட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றார்.

"இரண்டு பேருக்குமா?"

"அவர்கள் வீட்டிலும் ஆள் திரும்பவில்லையே" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டார்.

*

பொங்கலுக்கு முன் மூன்று நாள் காந்தி மார்க்கெட் இருந்த கோலத்தை வர்ணிக்க எங்களால் ஆகாது. கரும்புக் கட்டுகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மஞ்சள் கொத்தும், இஞ்சிக் கொத்தும், புது மண்பானையும் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. சேற்றையே காணோம், அதன் மேல் அத்தனை கரும்புத் தோகை! மண்டி ஆட்களுக்கு எங்களை நன்றாகப் பழகிவிட்டது. அந்த டிசம்பர் முதல் தேதியிலிருந்துதான் மலேசிய சர்க்கார் இந்தியர்களுக்கு 30 நாள் வரையில் விசா தேவையில்லை என்று அறிவித்திருந்தது. சுமை தூக்கும் இளைஞர்கள் அதைப் பற்றி எங்களைத் துளைத்து எடுத்தார்கள். 'அங்கே என்ன சம்பளம்? ஏஜெண்டை நம்பலாமா?' என்று அவர்கள் கேட்டபோது எங்களுக்குத் தாத்தாவின் ஞாபகம் வந்தது. "சுற்றிப் பார்க்கிறதற்குத்தான் அந்தச் சலுகை, தம்பி, வேலைக்கு அல்ல. வேலைக்கு வருவதானால் காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் உபதேசம் செய்தோம்.

சந்தைக்காரர்களுக்கும் ஒரு கவலை இருந்தது. சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்ற பேச்சு வெகு காலமாக நடந்து வருகிறது. கள்ளிக்குடியில் கட்டிடமே கட்டினார்கள், வியாபாரிகள் போகவில்லை. 2020-இல் கொரோனாவுக்காக மார்ச் மாதக் கடைசியில் மூடினபோது, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போய், நவம்பர் மாதக் கடைசியில்தான் திரும்பியது. நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, 2025-இல், பஞ்சப்பூரில் புதுச் சந்தைக்கு அடிக்கல் நாட்டியதாகப் பத்திரிகையில் படித்தோம். லாரி நெரிசலையும் சேற்றையும் பார்த்தவர்கள் அது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நாங்களும் சொல்லவில்லை. ஆனால் கீரைக்கார அம்மாள் அப்போதே எங்களிடம் சொன்னார்: "மண்டி போயிரும். சாக்கு விரிச்சு உக்காந்திருக்கிறவளுக்கு அங்கே எடம் எழுதி வெச்சிருக்காங்களா?" இவரைப் போன்றவர்கள் எந்தப் படிவத்திலும் இல்லை. எங்களுக்காவது 'சி' படிவம் இருந்தது.

பெரிய கடைவீதியில் வேட்டி எடுக்கப் போனோம். இரண்டு எடுக்க வேண்டியது. கடைக்காரர் மூன்றைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். எங்களில் ஒருவர், மூன்றையும் கட்டச் சொன்னார். மற்றவர் ஏன் என்று கேட்கவில்லை.

தொட்டியத்துக் கிழவர் வேட்டியை வாங்கிக்கொண்டு, இரண்டு ரஸ்தாளிச் சீப்பை எங்கள் முதுகுப் பைக்குள் திணித்துவிட்டார். விமானத்தில் அவற்றை எப்படிக் கொண்டுபோவது என்று நாங்கள் தவித்தது வேறு கதை. துறையூரார் கூச்சப்பட்டார். "மரம் ஒத்துப் போகலையே, ஐயா" என்றார். "பெயர் ஒத்துப் போகிறதே" என்றோம். பாட்டியின் பழைய படம் வீட்டில் இருக்கிறது, தேடி எடுத்து அனுப்புகிறேன் என்று அம்மாவின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

ஜனவரி 17-ஆம் தேதி விடியற்காலையில் கடைசித் தடவையாகச் சந்தைக்குப் போனோம். பண்டிகை முடிந்து ஆட்டம் ஓய்ந்து கிடந்தது. கீரைக்கார அம்மாளுக்கு ஒரு சேலை வாங்கிப் போயிருந்தோம். அதைப் பிரித்துப் பார்த்து, கலர் தமக்குப் பிடித்ததுதான் என்று ஒப்புக்கொண்டார்.

"அந்தச் சீட்டு எங்கே?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தோம்.

"இது இங்கேயே இருக்கட்டும். நீங்க போங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்று சீட்டை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவது வேட்டியையும் அவரிடம் கொடுத்தோம். யாருக்கு என்று அவர் விசாரிக்கவில்லை. இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, சேறு படாமல் சாக்குக்கு அடியில் இருந்த பலகையின் மேல் வைத்தார். அதற்குள் யாரோ வந்து அரைக் கட்டுப் புதினா கேட்டார்கள்.

"அரைக் கட்டெல்லாம் கிடையாது. எந்த ஊரு நீங்க?" என்றார் அவர்.